சூடானால் சாகும் மேக்னெட்டோ

கடலூர் மஞ்சக்குப்பத்தில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறேன். போர்வெல் மோட்டாரும் கிரைண்டரும்தான் சோறு போடுகின்றன. பழைய வண்டிகளில் பேட்டரி இல்லாமலே பிளக்குக்குப் பொறி தரும் மேக்னெட்டோ எப்போதாவது வரும். வந்துவிட்டால் மற்ற வேலையெல்லாம் ஓரமாகப் போய்விடும், பம்ப்செட்காரர் போனில் திட்டினாலும் சரி.

இந்தத் தடவை வந்தது பண்ருட்டிப் பக்கத்துப் பலா வியாபாரி ஒருவருடைய பி.எஸ்.ஏ. எம்20. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவம் ஓட்டித் தள்ளிய 500 சிசி சைடு வால்வ் வண்டி. இவருக்கு மாமனார் வழியில் வந்தது. காலையில் ஓர் உதையில் கிளம்புமாம். நெல்லிக்குப்பம் வருவதற்குள் இருமி இருமி நின்றுவிடுமாம். டீ குடித்துவிட்டு வந்து உதைத்தால் மறுபடி கிளம்புமாம்.

"காயில் போயிடுச்சுன்னு ஒரு இடத்துல புதுசாவே சுத்திக் குடுத்துட்டாங்கண்ணே. அப்பவும் இதே கதைதான்."

சூட்டில் நின்று, ஆறியதும் கிளம்புகிறது என்றால் எனக்கு முதல் சந்தேகம் கண்டென்சர் மேல்தான். காயில் சுற்றினால் கூலி அதிகம், எனக்கும் அதுதான் லாபம். ஆனால் நல்ல காயிலை அறுத்துப் போட மனசு வராது. பம்ப் மோட்டார் கம்பி மாதிரியா அது? மேக்னெட்டோவின் மேல்சுற்று 46 கேஜ் மெல்லிய கம்பி, பத்தாயிரம் சுற்றுப் பக்கம். மூச்சை இழுத்து விட்டாலே அறுந்துவிடுமோ என்றிருக்கும்.

இந்த வண்டியில் இருப்பது லூகாஸ் மேக்டைனோ: கீழே மேக்னெட்டோ, அதன் முதுகில் பட்டை போட்டுக் கட்டிய டைனமோ. பேட்டரி செத்தாலும் வண்டி ஓடும், விளக்குதான் எரியாது. காந்தத்துக்கு நடுவே கம்பி சுற்றிய ஆர்மேச்சர், எஞ்சின் இரண்டு சுற்று சுற்றினால் இது ஒன்று சுற்றும். பாயின்ட் என்கிற தொடுமுனைச் சுவிட்ச் மூடியிருக்கும்போது தடித்த கம்பிச் சுற்றில் கரன்ட் ஓடும். பாயின்ட் திறந்ததும் அது பட்டென்று நிற்க வேண்டும். அப்படி நின்றால்தான் மேல்சுற்றில் ஆயிரக்கணக்கான வோல்ட் எழும். பாயின்ட் நடுவே பொறி தாவி அந்தக் கரன்ட்டை இழுத்துக்கொண்டே போகாமல் தடுப்பதுதான் கண்டென்சரின் வேலை. அதைக் கொண்டுபோய் ஆர்மேச்சரின் முனைக்குள்ளேயே ஒளித்து வைத்திருக்கிறார்கள். அதனால்தான் பாதிப் பேர் அதைப் பார்ப்பதே இல்லை. எழுபது எண்பது வருஷத்தில் அதன் இன்சுலேஷன் ஈரம் குடித்துக் கசிய ஆரம்பிக்கும். சூடு ஏற ஏறக் கசிவும் ஏறும்.

ஆர்மேச்சரை வெளியே இழுப்பதற்கு முன்னால் பிளக் வயருக்குப் பொறியை எடுத்துத் தரும் எச்.டி. (ஹை டென்ஷன்) பிக்கப்பைக் கழற்ற வேண்டும். எர்த் பிரஷ்ஷையும், பக்கத்தில் இருக்கும் சேஃப்டி ஸ்குரூவையும் மறக்காமல் எடுக்க வேண்டும். அந்த ஸ்குரூவின் நுனி, ஆர்மேச்சரோடு சுற்றி பிக்கப்புக்குப் பொறியைக் கடத்தும் ஸ்லிப் ரிங்கின் விளிம்புகளுக்கு நடுவே நீட்டிக்கொண்டிருக்கும். அதை விட்டுவிட்டு இழுத்தால் ரிங் 'டக்' என்று போய்விடும். ஆர்மேச்சர் வெளியே வந்ததும் காந்தத்தின் இரு முனைக்கும் குறுக்கே ஓர் இரும்புத் துண்டை வைத்துவிடுவேன். இல்லாவிட்டால் பழைய காந்தம் பலம் குறையும்.

மல்ட்டிமீட்டரில் எல்லாமே ஒழுங்காக இருந்தது. தடித்த கம்பிச் சுற்று அரை ஓம் பக்கம், மேல்சுற்று ஐயாயிரம் ஓம் பக்கம். புதுசாகச் சுற்றியவர் வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கண்டென்சரின் ஒரு முனையைப் பிரித்து இன்சுலேஷன் கசிவைப் பார்க்கும் 500 வோல்ட் மெக்கர் போட்டேன். முள் மேலேயே நின்றது. மேஜை மேல் ஆறிக் கிடக்கும்போது எல்லா மேக்னெட்டோவும் யோக்கியன்தான். வார்னிஷ் காய வைக்க ஒரு தகரப் பெட்டி வைத்திருக்கிறேன், உள்ளே 100 வாட் பல்பு. ஆர்மேச்சரை அதில் வைத்து, கையில் பிடிக்க முடியாத சூடு வந்ததும் துணி சுற்றி எடுத்து மறுபடி மெக்கர் போட்டேன். முள் அப்படியே சரிந்து இரண்டு மெகாஓமுக்குக் கீழே வந்து நின்றது. வியாபாரியைக் கூப்பிட்டு அதைக் காட்டினேன். "இதுக்கா போன தடவை அவ்வளவு காசு குடுத்தேன்" என்றார்.

பழையதை எடுத்துவிட்டு, பாயின்ட் திறக்கும்போது வரும் அதிர்ச்சியைத் தாங்குகிற ஃபிலிம் கண்டென்சர் வைத்து, ஆடாமல் எபாக்ஸி ஊற்றி அடைத்தாயிற்று. பாயின்ட் இடைவெளி 12 தௌ (தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு). மறுபடி சூடாக்கி, கையால் மெதுவாகச் சுற்றி, 5 மில்லிமீட்டர் இடைவெளியில் பொறி விடாமல் தாவுகிறதா என்று பார்த்தேன். பிளக்கை ஹெட்டின் மேல் வைத்து உதைத்துப் பார்த்துவிட்டு "கரன்ட் வருது" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: சிலிண்டருக்குள் அழுத்தத்தில் பொறி தாவ, வெளியில் தேவைப்படுவதை விட அதிக வோல்ட் வேண்டும். வெளியே நீலமாக அடிக்கிற மேக்னெட்டோ உள்ளே ஊமையாகிவிடலாம்.

கடலூர் முதுநகர் துறைமுகப் பக்கம் வண்டி வைத்திருப்பவர்களுக்கு வேறு தொல்லை. உப்புக் காற்றும் கார்பன் தூளும் சேர்ந்து ஸ்லிப் ரிங்கில் படிந்தால் பொறி பிளக்குக்குப் போகாமல் அந்த அழுக்கு வழியே பாடிக்கு ஓடிவிடும். இதற்கு ஆர்மேச்சரைக் கழற்ற வேண்டாம். பிக்கப்பை மட்டும் எடுத்துவிட்டு, பென்சில் நுனியில் பெட்ரோல் நனைத்த துணியைச் சுற்றி அந்தத் துளைக்குள் விட்டு ரிங்கின் மேல் அழுத்தி, இன்னொருவரை மெதுவாகக் கிக்கரை மிதிக்கச் சொல்லுங்கள். துணி கருப்பாக வரும். அது வெள்ளையாக வரும்வரை செய்யலாம்.

வண்டி இப்போது வெயிலில் பண்ருட்டிக்கும் கடலூருக்குமாக ஓடுகிறது. பிளக் இடைவெளி 18லிருந்து 20 தௌவுக்குள் இருக்கட்டும் என்று சொல்லி அனுப்பினேன். ஹேண்டில்பாரில் உள்ள டைமிங் லீவரைப் பற்றியும் சொன்னேன். கிக்கர் திருப்பி அடிக்கும் என்று பயந்து முழுக்க ரிட்டார்டில், அதாவது பொறி தாமதமாக வரும்படி, வைத்து உதைக்கிறார்கள். அப்படி வைத்தால், ஆர்மேச்சர் நல்ல கரன்ட் தரும் இடத்தைத் தாண்டிய பிறகுதான் பாயின்ட் திறக்கும், பொறி நோஞ்சானாகிவிடும். பாதி ரிட்டார்ட் போதும்.