வார்ப்பட மணலில் பேவர் கல்: இரண்டாம் ஈடு

இரண்டாம் ஈட்டுக் கற்களை நேற்றுதான் தொட்டியிலிருந்து எடுத்தேன். 28 நாள் ஊறல் முடிந்தது. இரண்டு கல்லைத் தட்டினால் 'ணங்' என்கிறது. முதல் ஈட்டில் வந்தது விரிசல் விட்ட பானைச் சத்தம். அச்சிலிருந்து கழற்றும்போதே மூலை உதிர்ந்தது.

வீட்டு வாசலில் பதிக்கும் பேவர் கல்லை நானே சிமெண்டில் வார்க்கிறேன். கோவையில் இரும்பு வார்க்கும் ஃபவுண்டரிக்கா பஞ்சம்? பலமுறை வார்த்துக் கறுத்துப்போன மணலைக் கொட்ட இடம் தேடுகிறார்கள். தெரிந்த பட்டறையில் நாலு மூட்டை சும்மாவே கொடுத்தார்கள். ஃப்ளை ஆஷ் (அனல்மின் நிலையச் சாம்பல்) கல் போடும் இடத்தில் ஒரு மூட்டை சாம்பலும் கிடைத்தது.

முதல் ஈட்டில் என்ன தப்பு? கடையில் கொடுத்த பிபிசி (சாம்பல் கலந்தே வரும்) சிமெண்டை வாங்கி, அதில் 30 சதவீதத்தை எடுத்துவிட்டுச் சாம்பல் போட்டேன். பிபிசியிலேயே 15 முதல் 35 சதவீதம் வரை சாம்பல் உண்டு. எவ்வளவு என்று பையிலேயே அச்சடித்திருக்கிறது. நான்தான் படிக்கவில்லை. இந்தச் சாம்பல் தானாக இறுகாது. சிமெண்ட் தண்ணீரோடு சேரும்போது வெளிவரும் சுண்ணாம்பைப் பிடித்துக்கொண்டுதான் மெல்ல மெல்லக் கெட்டியாகும். சிமெண்ட் குறைந்தால் அந்தச் சுண்ணாம்பும் குறைவு. டப்பாவால் அளந்ததில், எடை குறைந்த சாம்பல் நினைத்ததைவிடக் கம்மியாகவே விழுந்தது. ஒரு தப்பு இன்னொன்றைக் கொஞ்சம் காப்பாற்றியது என்று வையுங்கள்.

மணலிலும் வில்லங்கம். மணல் அச்சு நிற்பதற்காக அதில் பென்டோனைட் களிமண்ணும், வார்ப்பின் மேற்பரப்பு சுத்தமாக வர நிலக்கரித் தூளும் சேர்ப்பார்கள். களிமண் தண்ணீரைக் குடிக்கும். கலவை இறுகுகிறதே என்று நானும் ஊற்றிக்கொண்டே போனேன். அங்கேயே பலம் போயிற்று.

இந்த முறை சாம்பல் கலக்காத ஓபிசி சிமெண்ட். தராசில் நிறுத்து, சிமெண்டில் கால் பங்குக்குச் சாம்பல். கருமணலில் காந்தத்தை ஓட்டி இரும்புக் குண்டுகளைப் பொறுக்கினேன். மூன்று தண்ணீர் மாற்றி அலசினேன். அதையும் மொத்த மணலில் கால் பங்குதான் போட்டேன், மீதி எம்-சாண்ட். ரெசின் (பிசின்) கலந்த வார்ப்பு மணலும் உண்டு, எந்த மணல் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். ரெசின் மணலை நான் தொடவில்லை. சலிக்கும்போது முகமூடி கட்டாயம், சிலிக்கா தூசி நுரையீரலுக்கு ஆகாது.

வீட்டில் பலம் பார்க்க இயந்திரம் ஏது? தண்ணீர் குடிக்கும் அளவை மட்டும் பார்த்தேன். முதல் ஈட்டில் 2,610 கிராம் கல், ஒரு நாள் ஊறியதும் 2,835: 8.6 சதவீதம். இப்போது 2,685 கிராம் 2,836 ஆனது: 5.6. பேவர் கல்லுக்கு இந்தியத் தரநிலை ஐஎஸ் 15658 சொல்லும் சராசரி உச்ச வரம்பு 6 சதவீதம். ஆனால் அடுப்பில் உலர்த்தி நிறுக்க வேண்டியதை நான் வெயிலில் காயவைத்தே நிறுத்தேன். கொஞ்சம் கூட்டியே வைத்துக்கொள்ளுங்கள்.

நிறம்தான் கரிச்சட்டி மாதிரி வந்துவிட்டது. பெயிண்ட் அடிக்கலாமா என்றேன். அம்மா விடவில்லை, வெள்ளைக் கோலம் இதில்தான் எடுப்பாகத் தெரியுமாம். இன்னும் 60 கல் வார்க்க வேண்டும்.