மாமாவின் ஸ்டோர் கணக்குக்கு ஒரு ஜன்னல்: நான்காவது வாரம்

ஞாயிற்றுக்கிழமை கம்பம்மெட்டு ஏறி வண்டன்மேட்டுப் பக்கம் மாமாவின் ஏலக்காய் ஸ்டோருக்கு லேப்டாப்பைக் கொண்டு போனேன். தோட்டக்காரர்கள் கொண்டுவரும் பச்சைக் காயை நிறுத்து, உலர்த்தி, திருப்பிக் கொடுக்கும் கணக்கு அது. போன மாதம் டெர்மினலில் எழுதிக் காட்டியபோது, "என்ன மாப்ள, கருப்பா இருக்கு" என்று ஒதுக்கிவிட்டார். அதனால்தான் டிகின்டர்: பைத்தான் மொழியில் ஜன்னல், பெட்டி, பட்டன் எல்லாம் போட உதவும் நூலகம். பைத்தானோடு வருவது, தனியாகக் காசு கிடையாது. அடியில் இருக்கும் டிகே, ஜான் ஔஸ்டர்ஹவுட் தன் டிசிஎல் மொழிக்காகச் செய்தது. முப்பது வயது தாண்டிய சரக்கு. பழைய முகம் பிடிக்காததால் டிடிகே என்ற புது முக விட்ஜெட்டுகளை (பெட்டி, பட்டன் போன்ற திரைப் பாகங்கள்) எடுத்துக்கொண்டேன்.

முதலில் சோம்பேறித்தனம்: பெயர், எடை எல்லாவற்றுக்கும் கையால் தட்டும் என்ட்ரி பெட்டியே போட்டேன். ஒரே வாரத்தில் ஒரு பாண்டி மூன்று பாண்டி ஆகிவிட்டார்; ஒன்றில் ஊர்ப்பெயர் சேர்ந்திருக்கிறது, ஒன்றில் கடைசியில் ஒரு இடைவெளி. பெயருக்குப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும் காம்போபாக்ஸ் வைத்து, தட்ட முடியாதபடி ரீட்ஒன்லி ஆக்கினேன். சரி, இனி தப்பாகத் தட்ட முடியாது என்று நினைத்தால், மவுஸ் சக்கரம் அதன் மேல் உருண்டதும் சத்தமில்லாமல் அடுத்த ஆள் பெயருக்கு மாறிவிடுகிறது! சக்கரம் உருண்டால் பெயரை மாற்றும் அந்த இணைப்பை (பைண்டிங்) தூக்கிய பிறகுதான் நிம்மதி.

எடையில்தான் மானம் போனது. பாண்டி 62.5 கிலோவும் 40 கிலோவும் இரண்டு நடையாகக் கொண்டுவந்தார். திரையில் மொத்தம் 62.540. பார்க்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது, 62 கிலோ 540 கிராம் போல! மாமா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை: "நாப்பது கிலோ எங்க மாப்ள?" என்ட்ரிக்குள் எண்ணைத் தட்டினாலும் வெளியே வருவது எழுத்துதான், கூட்டல் குறி இரண்டையும் ஒட்டிவிட்டது. ஃப்ளோட்டாக, அதாவது தசம எண்ணாக, மாற்றிய பிறகு 102.5 வந்தது. ஏறத்தாழ ஐந்து கிலோ பச்சைக் காய்க்கு ஒரு கிலோ உலர்ந்த காய் என்பது மாமாவின் கைக்கணக்கு. அதை விட்டு ரொம்ப விலகினால் ஒரு லேபிள் சிவப்பாகும்படி செய்தேன். அவருக்கு இது மட்டும் பிடித்திருக்கிறது.

உலர்த்தும் கூலி வந்ததா என்று டிக் அடிக்க ஒரு செக்பட்டன். திறந்தவுடன் டிக்கும் இல்லாமல் காலியாகவும் இல்லாமல் நடுவில் நின்றது. "குடுத்தானா, குடுக்கலையா?" மாமா கேட்டது நியாயம். ஆமா, இல்லை என்பதை வைத்துக்கொள்ளும் பூலியன்வார் என்ற மாறி ஒன்றைக் கட்டினேன். மறுபடியும் அதே கோலம். ஃபங்க்‌ஷனுக்குள் உண்டாக்கிய மாறி, ஃபங்க்‌ஷன் முடிந்ததும் செத்துப்போகிறது. ஜன்னல் இருக்கும் வரை கூடவே இருக்கும் செல்ஃபில் தொங்கவிட்டதும் சரியானது. இதற்கு ஒரு ராத்திரி போனது.

பாகங்களை இடத்தில் அடுக்கும் இரண்டு வழிகளான பேக்கையும் கிரிட்டையும் ஒரே ஃபிரேமுக்குள் கலந்து பிழை வாங்கியதை எல்லாம் விரிக்க வேண்டாம். அது எல்லோருக்கும் நடப்பதுதான்.

இப்போது பட்டியல் ட்ரீவியூ என்ற அட்டவணை விட்ஜெட்டில் வருகிறது. ஸ்க்ரோல்பாரை இரண்டு பக்கமும் கட்ட வேண்டும்: பட்டியல் பாருக்கு இடம் சொல்ல, பார் பட்டியலை நகர்த்த. ஒரு பக்கம் மட்டும் கட்டிவிட்டு, பார் அசையவில்லையே என்று உட்கார்ந்திருந்தேன்.

தலைப்பைத் தொட்டால் எடைவாரியாக அடுக்கும்படி நேற்று எழுதினேன். 102.5, 40, 62.5 என்று ஏறுவரிசை காட்டுகிறது. மறுபடியும் எழுத்து! நாளைக்கு அங்கேயும் ஃப்ளோட் போட வேண்டும், மாமா பார்ப்பதற்குள்.