மாமனாரின் லீ-என்ஃபீல்ட்: ஒரு வேட்டைப்பருவ நாட்குறிப்பு

அக்டோபர் 5, 2024

மாமனாரின் லீ-என்ஃபீல்ட் நான்காம் எண் ரைஃபிள் (இரண்டாம் உலகப் போர்க்காலத்து இராணுவத் துப்பாக்கி), உரிமச் சரிபார்ப்பெல்லாம் முடிந்து இன்று முறைப்படி என் கைக்கு வந்து சேர்ந்தது. இடப்பக்கத்து இரும்பில் ‘லாங் பிராஞ்ச் 1942’ என்ற பொறிப்பு இன்னும் தெளிவாகத் தெரிகிறது. டொராண்டோவுக்கு மேற்கே இருந்த அந்த அரசுத் தொழிற்சாலை, போர்க்காலத்தில் இவ்வகை ரைஃபிள்களை 9 லட்சத்துக்கும் மேலாகச் செய்து தள்ளியது. போர் முடிந்தபின் அவற்றில் பல மலிவு விலைக்கு விற்கப்பட்டு, கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்து மான் வேட்டை முகாம்களுக்கு வந்து சேர்ந்தன.

தோட்டாவைக் குழலுக்குள் தள்ளி அடைக்கும் போல்ட்டின் கைப்பிடியிலுள்ள எண்ணும் உடற்பகுதியிலுள்ள எண்ணும் ஒன்றாகவே இருக்கின்றன. இது சேகரிப்பாளர் பெருமைக்காக மட்டும் பார்க்கும் விஷயமன்று. தோட்டாவின் விளிம்புக்கும் போல்ட்டின் முகப்புக்கும் இடையிலான இடைவெளி சரியாக அமைய வேண்டும் என்பதற்காக, ஒவ்வொரு ரைஃபிளுக்கும் பொருத்தமான அளவுள்ள போல்ட் தலையைத் தேர்ந்து மாட்டினார்கள். ஆகவே எண்கள் பொருந்தினாலும், துப்பாக்கி பழுதுபார்ப்பவர் அளவுகோல் வைத்துப் பார்த்துச் சொல்லும்வரை சுடப்போவதில்லை.

அக்டோபர் 13

இடைவெளி சரியாக இருக்கிறதாம். குழலின் உட்புறத்தில் மட்டும் ஆங்காங்கே பழுப்புக் கறை. பழைய இராணுவத் தோட்டாக்களின் பற்றவைப்பு மருந்து உப்பை விட்டுச் செல்லும். அந்த உப்பு ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்னும். அதனால்தான் அக்காலத்தவர் சுட்டு முடித்ததும் குழலில் கொதிநீர் ஊற்றி, துடைத்து, எண்ணெய் பூசினார்கள். மாமனார் டப்பாவில் விட்டுச்சென்ற அத்தகைய தோட்டாக்களை ஒதுக்கிவைத்தேன். அவற்றின் குண்டு முழுக்க உலோக உறையிட்டது. உடலுக்குள் விரியாமல் ஊடுருவிப் போய்விடுவதால், மானை உடனே வீழ்த்தாமல் காயத்தோடு ஓடவிடும். வேட்டைக்கு மென்முனைக் குண்டுதான் வேண்டும். 180 கிரெய்ன் (சுமார் 11.7 கிராம்) எடையுள்ள குண்டுகளில் ஒரு பெட்டி வாங்கியிருக்கிறேன்.

அக்டோபர் 26

சுடுதளத்தில் 100 கெஜத்தில் வைத்த குறிக்கு ஏறக்குறைய ஒரு சாண் மேலே குண்டுகள் விழுந்தன. ரைஃபிள்மீது குற்றமில்லை. குறிபார்க்கக் கண்ணருகே இருக்கும், மடக்கித் திருப்பும் அதன் பின்குறியில் இருப்பவை இரண்டே துளைகள்: ஒன்று 300 கெஜத்துக்கு, மற்றது 600 கெஜத்துக்கு. ஆகவே 100 கெஜத்தில் குண்டு மேலேதான் படும். போர்க்களத்தில் எதிரியின் உடற்பகுதியில் எங்கே பட்டாலும் போதும் என்று கணக்கிட்டவர்களுக்கு அந்த ஒரு சாண் பொருட்டில்லை. மானின் முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னே, இதயமும் நுரையீரலும் இருக்கும் இடத்தைக் குறிவைப்பவனுக்கு அதுவே எல்லாம். குழலின் நுனியிலுள்ள முன்குறியின் தகடு பல உயரங்களில் கிடைக்கிறது. உயரமான தகட்டை மாட்டியதும் குண்டுகள் கீழே இறங்கி, குறியைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்குள் சேர்ந்தன. என் கண்ணுக்கு இதற்கு மேல் எதிர்பார்ப்பது பேராசை. எனவே 100 கெஜத்துக்கு அப்பால் நிற்கும் மானை நோக்கிச் சுடுவதில்லை என்று முடிவுசெய்துகொண்டேன்.

நவம்பர் 4

பருவம் தொடங்கியது. ஆரஞ்சு மேலங்கியும் தொப்பியும் அணிந்து, விடிவதற்கு முன்பே மேப்பிள் மேட்டின் ஓரத்தில் அமர்ந்தேன். புதர்வெளியின் அப்பால் ஒரு கிளைக்கொம்பன் நெடுநேரம் மேய்ந்தது. நிச்சயம் 150 கெஜத்துக்குக் குறையாது. தொலைநோக்கி பொருத்திய துப்பாக்கி வைத்திருப்பவருக்கு அது எளிய இலக்கு. நான் சுடவில்லை.

நவம்பர் 7

ஓடையை ஒட்டிய தடத்தில் வெண்வால் மான் ஒன்று சுமார் 60 கெஜத்தில் பக்கவாட்டாக நின்றது. ஒரே குண்டு, சில பாய்ச்சல்களுக்குள் விழுந்துவிட்டது. இந்த ரைஃபிளில் போல்ட்டை முன்னே தள்ளி மூடும்போதுதான் சுருள்வில் இறுகும். அந்த எதிர்ப்புக்குக் கை முன்பே பழகியிருந்ததால், கண்ணை மானைவிட்டு எடுக்காமலேயே இரண்டாவது தோட்டாவை ஏற்ற முடிந்தது. அது தேவைப்படவில்லை.

நவம்பர் 10

வேட்டை அறிக்கையை அமைச்சகத்துக்கு இணையவழியே அனுப்பினேன். மைத்துனர், உடற்பகுதியில் துளையிட்டுத் தொலைநோக்கி பொருத்தலாம், மரப்பாகத்தையும் குறைத்துவிட்டால் எடை குறையும் என்கிறார். அப்படி வெட்டி எறியப்பட்ட லாங் பிராஞ்ச் ரைஃபிள்களுக்குக் கணக்கில்லை. போட்ட துளையை அடைக்கலாமே தவிர பழையபடி ஆக்க முடியாது. என் பார்வை இன்னும் மங்கினால், பின்குறியைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் துளையிடாமல் மாட்டும் தொலைநோக்கித் தாங்கியை வாங்கிக்கொள்வேன் என்று அவரிடம் சொல்லிவிட்டேன்.