கிச்சாப் வந்த கதை

மகனுடைய கூட்டாளிக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்துவிட்டது. அங்கே வீட்டில் பாம்பு வளர்க்கச் சட்டம் விடாது. ஆகவே வேலை அவனுக்கு, பாம்பு எங்களுக்கு. பெயர் கிச்சாப். பெண்.

ஏற்கெனவே மைலோ இருக்கிறான். இரண்டும் ஆப்பிரிக்கப் பைத்தான், மலைப்பாம்பு வகை. பயந்தால் தலையை உள்ளே இழுத்துப் பந்தாகச் சுருண்டுகொள்ளும் சாதி. "தொட்டிதான் பெருசா இருக்கே, ஒண்ணா போட்டுடு. பாவம், துணையா இருக்கும்" என்று அத்தை, என் மாமியார், தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

மகன் முடியவே முடியாது என்றான். புதிதாக வந்தது உண்ணியோ நோயோ கொண்டுவந்திருக்கலாம், மூன்று மாதமாவது வேறு அறையில் இருக்கட்டும் என்றான். அதற்குப் பிறகும் தனித்தனித் தொட்டிதானாம். ஒன்றாகப் போட்டால் எது தின்றது, எது கக்கியது என்றே தெரியாதாம்.

வேறு அறை என்றால் எது? பினாங்கு ஆயர் ஈத்தாம் ஃபிளாட்டில் மாளிகையா கட்டி வைத்திருக்கிறோம்? என் கேசட்டுகள் இருந்த அறைதான். கேசட்டுகள் இப்போது பால்கனியில் மழைச்சாரல் வாங்குகின்றன. அதைப் பற்றி இந்த வீட்டில் ஒருவரும் கூட்டம் போடவில்லை.

அத்தை விடவில்லை. பாயான் லெப்பாஸ் பாம்புக் கோயிலை இழுத்தார். "அங்கே ஒரே மரத்தில எத்தனை கிடக்கு, சண்டையா போடுது?" அது மரத்திலேயே வாழ்கிற விரியன், இது தரையில் தனியாகப் பதுங்குகிற பைத்தான் என்று பேரன் விளக்கினான். பிறகு லயத்து வீடு வந்தது. கெடா எஸ்டேட்டில் ஒரே அறையில் பதினோரு பேர் படுத்து வளர்ந்தவர் அவர். தனி அறை கேட்கிற எந்த ஜீவனையும் அவருக்குப் பிடிக்காது. கல்யாணமான புதிதில் நானும் கேட்டிருக்கிறேன்.

"யூடியூப்ல பாரு, ரெண்டு பாம்பு கட்டிப் புடிச்சிட்டுப் படுத்திருக்கு!"

"அது பாசம் இல்ல பாட்டி. ரெண்டுக்கும் அந்தச் சூடான இடம் வேணும். எதுவும் விட்டுக் கொடுக்கல, அவ்வளவுதான்."

நான் வாயைத் திறக்கவில்லை. கரண்ட் பில்லுக்குப் பயந்து நாங்கள் ஐந்து பேரும் ராத்திரி ஒரே ஏர்கோன் அறையில் உருண்டு கிடப்பதை, ஒற்றுமையான குடும்பம் என்று பக்கத்து வீட்டு அக்கா ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார்.

சரி, கிச்சாப் தனி அறைக்குப் போனாள். போனவள் சாப்பிடவில்லை. இடம் மாறினால் இப்படித்தான், இந்த வகை மாதக்கணக்கில்கூடப் பட்டினி கிடக்கும் என்று மகன் அலட்டிக்கொள்ளவே இல்லை. அத்தைக்குத்தான் மனசு கேட்கவில்லை. "தனியா உட்கார வெச்சா எப்படி இறங்கும்?" நாற்காலியைத் தொட்டிக்கு முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு சீரியல் கதையெல்லாம் சொன்னார். பாம்புக்குக் காது மடலும் இல்லை, தமிழும் தெரியாது. தொந்தரவு செய்யாதீர்கள் என்று பேரன் கெஞ்சியதும், நாற்காலி கதவுக்கு வெளியே நகர்ந்தது. கதவு மட்டும் திறந்தே இருந்தது.

இன்று மதியம் ஆபீஸ் மீட்டிங்கில் இருக்கிறேன், அத்தையிடமிருந்து போன். பகலில் கூப்பிடாதவர். பதறிப் போய் வெளியே ஓடி வந்து எடுத்தேன்.

"மாப்பிள்ளை, கிச்சாப் சாப்பிட்டுட்டா! முழு எலி!"

மணி இரண்டே கால். நான் சாப்பிட்டேனா என்று கேட்காமலே வைத்துவிட்டார்.