குளிக்கவிடாத அருவி

யுங்ஃப்ராவ்யோக் என்னும் பனிமலை ரயில் நிலையத்தைக் கடைசி நாளுக்கென்று எடுத்துவைத்தது என் தப்புதான். சுவிட்சர்லாந்தில் இருந்த ஐந்து நாளில் நாலு நாள் நல்ல வெயில். அப்போதெல்லாம் ஏரி, படகு என்று சுற்றிவிட்டு, ஐந்தாம் நாள் காலை அடிவாரத்து ஊரான லவுட்டர்புருன்னன் ரயில் நிலையத்தில் போய் நின்றோம். உச்சியின் நேரலைப் படம் ஓடும் திரை முழுக்க வெள்ளை. பனியா மேகமா என்று பிரிக்க முடியாத வெள்ளை. "டிவி ரிப்பேராப்பா?" என்றான் மகன்.

மேலே அந்த நிலையம் 3,454 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மலையைக் குடைந்து 1912-லேயே அதுவரை ரயில் விட்டுவிட்டார்கள். ரயில் பாஸ் இல்லாமல் போனால் ஆளுக்கு 200 பிராங்க் அளவுக்கு ஆகும். மேகத்துக்குள் நின்று மேகத்தைப் பார்க்க அவ்வளவு காசா? மனைவி ரூபாயில் பெருக்கிப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. சரி, மஞ்சள் பேருந்தில் ஏறி ட்ரும்மல்பாக் அருவிக்குப் போய்விட்டோம்.

அந்தப் பள்ளத்தாக்கில் அருவிக்குக் குறைவே இல்லை. ஊருக்குள்ளேயே ஸ்டௌப்பாக் அருவி கிட்டத்தட்ட 300 மீட்டர் உயரத்திலிருந்து சல்லாத்துணி மாதிரி விழுகிறது. ட்ரும்மல்பாக்கின் கதை வேறு. அது மலைக்குள்ளே ஓடுகிறது. ஐகர், மோன்ச், யுங்ஃப்ராவ் என்ற மூன்று மலைகளின் பனியாறுகளும் உருகி இந்த ஒரே பிளவு வழியாக இறங்குகின்றன. கோடையில் உச்சத்தில் வினாடிக்கு 20,000 லிட்டர் வரை வருமாம். பாறைக்குள் சாய்வாக ஏறும் லிஃப்டில் போய், ஈரப்படிகளில் நடந்து, பத்து அருவிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே ஏறி இறங்க வேண்டும்.

உள்ளே சத்தம் என்றால் அப்படியொரு சத்தம். பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது. ஓரிடத்தில் தண்ணீர் பாறையைத் திருகாணி போலச் சுற்றிச் சுற்றிக் குடைந்து வைத்திருக்கிறது. விளக்கு வெளிச்சத்தில் எட்டிப் பார்த்தேன். அடி தெரியவில்லை. சுவரில் கை வைத்தால் உள்ளங்கையில் ஒரு அதிர்வு. மகள் என் சட்டையைப் பிடித்தவள் கடைசிவரை விடவில்லை.

அம்மாதான் அசரவில்லை. தென்காசிக்காரி, குற்றாலச் சாரலில் வளர்ந்தவர். சேலைக்கு மேல் மழைக்கோட்டு, தலையில் குரங்குக் குல்லாய், காலில் மருமகள் வாங்கித் தந்த ஷூ. கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் என் காதருகே வந்து கத்தினார்:

"இவ்வளவு தண்ணி விழுது, தலையக் காட்ட முடியாதுங்கான். குளிக்கவிடாத அருவி என்னலே அருவி?"

வெளியே வந்ததும் ஓடையைக் காட்டி, "ஏன் இப்படி கழுநீர் மாதிரி இருக்கு?" என்றார். சரியான உவமை. அரிசி களைந்த தண்ணீரின் நிறமேதான். பனியாறு நகரும்போது அடியில் இருக்கும் பாறையை மாவாக அரைக்கிறது, அந்த மாவுதான் கலந்து வருகிறது, இன்றைக்கு நாம் பார்க்க முடியாமல் போனதே, அந்த மலையிலிருந்து என்று விளக்கினேன்.

"அப்போ மேல போவானேன்? அதான் கீழ வந்துட்டுல்லா."

ஓரமாக ஒரு பெஞ்சில் உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டோம். பொட்டலத்தைப் பிரித்ததும் பக்கத்துப் பெஞ்சிலிருந்து இரண்டு தலைகள் திரும்பின. பெருங்காயத்தின் வேலை. கை கழுவுகிற சாக்கில் அம்மா ஓடையில் கை நனைத்துப் பேரப்பிள்ளைகள் தலையில் தெளித்தார். ஐஸ் தண்ணீர்! "ஆச்சீ!" என்று இருவரும் போட்ட கூச்சல் அருவியைத் தாண்டிக் கேட்டிருக்கும்.

மறுநாள் காலை பெட்டிகளோடு ரயில் ஏறினால், வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கிறது. பள்ளத்தாக்கின் கோடியில் யுங்ஃப்ராவ் வெயிலில் பளிச்சென்று நின்றது. மனைவி மலையைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள். அம்மா அடுத்த ஜன்னலில், ரயிலோடு கூடவே ஓடிவந்த ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏலே, அந்தக் கழுநீர்தானே இது?"

"ஆமாம்மா."