வாவி மட்டம் தெரியாமல் வடிகான் இல்லை: மட்டக்களப்பு வெள்ளத் திட்ட நாட்குறிப்பு

2025 ஜூலை 8, செவ்வாய்

மட்டக்களப்பு நகரில் ஒரு 12 ஹெக்டேயர் துண்டுக்கு வெள்ளம் தாங்கும் வடிகால் திட்டம் வரையும் கூட்டுப் பயிற்சி தொடங்கியது. இங்கிருந்து குடிசார் பொறியியல் மாணவர்கள், நெதர்லாந்திலிருந்தும் ஜப்பானிலிருந்தும் ஒவ்வொரு குழு. கூட்டம் இங்கே பிற்பகல் 2.30க்கு, அப்போது நெதர்லாந்தில் காலை 11, ஜப்பானில் மாலை 6. ஒக்டோபர் கடைசியில் ஐரோப்பியர் கடிகாரத்தைப் பின்னுக்குத் திருப்புவார்கள், அவர்களுக்கு 10 மணியாகிவிடும். இதை இப்போதே குறித்துவைத்தால் நவம்பரில் குழப்பம் வராது.

வெளிநாட்டுக் குழுக்கள் செய்மதி உயரத் தரவிலிருந்து வரைந்த முதல் படத்தில், நகரின் மையமான புளியந்தீவு ஒரு சிறு மேடாகத் தெரிகிறது. அந்தத் தரவின் ஒரு கட்டம் 30 மீற்றர். அது தரையை மட்டும் படிப்பதில்லை. கூரையையும் தென்னை வட்டையும் சேர்த்துத்தான் படிக்கிறது. பிழை பல மீற்றர் வரை போகும். வெள்ளம் வருமா வராதா என்பது 20 சென்ரிமீற்றரில் தீர்மானமாகும் ஊருக்கு அது உதவாது. பெரிய ஆற்று வடிநிலத்தின் எல்லையைப் பிரிக்க மட்டும் அந்தத் தரவை வைத்துக்கொள்ளலாம்.

ஜி.பி.எஸ். உயரத்தில் இன்னொரு பொறி இருக்கிறது. கருவி நேராகத் தருவது, பூமியின் வடிவத்துக்குப் பதிலாகக் கணிதத்தில் வரையும் நீள்கோளத்திலிருந்து அளந்த உயரம். இலங்கையைச் சுற்றிக் கடல் மட்டம் அந்த நீள்கோளத்துக்கு ஏறக்குறைய நூறு மீற்றர் கீழே கிடக்கிறது. உலகிலேயே பெரிய கடல் மட்டப் பள்ளங்களில் ஒன்று இந்தப் பக்கத்துக் கடலில்தான். திருத்தாமல் ஏற்றினால் நகரம் முழுவதும் மறை எண்ணில் வரும். அவ்வளவு பெரிய பிழை உடனே கண்ணில் படும். ஆபத்து, தவறான திருத்தத்தால் வரும் அரை மீற்றர் பிழையில்தான் இருக்கிறது. அது யார் கண்ணுக்கும் படாது.

முடிவு: எல்லா உயரமும் சராசரிக் கடல் மட்டத்துக்கு, லெவல் கருவியால் எடுத்தது மட்டும். ஒவ்வொரு கோப்பிலும் முதல் வரியில் அடிமட்டம் (உயரம் எதிலிருந்து அளந்தது), அலகு, எடுத்த திகதி.

2025 ஜூலை 22, செவ்வாய்

மட்டம் எடுக்கும் வேலைக்கான ஒழுங்கு.

காலை 6 முதல் 10 வரை. அதற்குப் பின் தார் வீதியில் கானல் ஆடும். மட்டக்கோலின் கீழ் 30 சென்ரிமீற்றரில் வரும் வாசிப்பை நம்ப முடியாது. பின்நோக்கும் முன்நோக்கும் (கருவிக்குப் பின்னும் முன்னும் நிற்கும் மட்டக்கோல்களின் வாசிப்பு) சம தூரம், ஒவ்வொன்றும் 50 மீற்றருக்குள். சம தூரம் வைத்தால் கருவியின் பார்வைக்கோடு சற்றுச் சாய்ந்திருந்தாலும் பிழை தன்னைத்தானே வெட்டிக்கொள்ளும். தொடங்கிய பெஞ்ச் மார்க்குக்கே (உயரம் தெரிந்த நிலைக்குறி) திரும்பி வந்து மூடவேண்டும். ஏற்கக்கூடிய மூடல் பிழை: சுற்றின் நீளத்தைக் கிலோமீற்றரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 12ஆல் பெருக்கிய மில்லிமீற்றர். 2.25 கிலோமீற்றர் சுற்றுக்கு 18 மி.மீ. அதைத் தாண்டினால் பிழையைப் பங்கிட்டு மறைக்காமல் மறுபடி எடுக்கவேண்டும்.

புளியந்தீவு தீவு என்பதால் மட்டத்தை நீருக்கு மேலாகக் கடத்தவேண்டும். பாலத்தில் வாகனம் போகும்போது கருவியின் குமிழ் நடுங்கும். காற்றில்லாத விடியலில் இரு கரையிலும் நீர்க்கோட்டில் முளை அடித்து ஒரே நிமிடத்தில் வாசித்தால் நல்ல ஒப்பீடு கிடைக்கும். காற்று எழுந்துவிட்டால் அந்த முறையை விட்டுவிடவேண்டும்: வாவியின் ஒரு கரையில் நீர் ஏறி மறு கரையில் இறங்கிவிடும்.

மட்டம் எடுக்கவேண்டிய இடங்கள்: வீதியின் நடுவும் ஓரமும், வடிகான் அடி, மதகின் அடியும் மேல்விளிம்பும், வீட்டு வாசற்படி. வாசற்படியை மறக்கக்கூடாது. நட்டக் கணக்கு அதில்தான் தொடங்குகிறது. 2011 ஜனவரி வெள்ளம் எந்தப் படி வரை வந்தது என்பது பல வீடுகளில் இன்னும் நினைவிலுண்டு; சுவரில் கறை இருந்தால் அதற்கும் ஒரு மட்டம்.

2025 ஓகஸ்ட் 5, செவ்வாய்

மழை. மட்டக்களப்பு வளிமண்டலவியல் நிலையத்தின் நாள் மழை அளவு எளிதில் கிடைக்கும். அதை 24ஆல் வகுப்பது வழக்கமான தவறு. ஒரு நாளில் 200 மி.மீ. பெய்தால் சராசரி மணிக்கு 8 மி.மீ. சொச்சம்தான். வடிகானை நிரப்புவது அந்தச் சராசரி அல்ல, நடுவில் ஒரு மணி நேரம் கொட்டும் மழை. பயிற்சிக்கு மணிக்கு 80 மி.மீ. வைத்துக்கொண்டோம்.

உச்ச ஓட்டம்: வழிந்தோடும் பங்கு 0.6 × 80 × 12 ஹெக்டேயர் ÷ 360. செக்கனுக்கு 1.6 கன மீற்றர்.

வடிகான் 600 மீற்றர் நீளம். தட்டையான நிலம் என்பதால் 2000க்கு 1 சாய்வுதான் கிடைக்கிறது; முழு நீளத்துக்கும் இறக்கம் 30 சென்ரிமீற்றர். 1.8 மீற்றர் அகலம், 1.1 மீற்றர் நீராழம், கொங்கிறீற்றின் சொரசொரப்பைக் காட்டும் மானிங் எண் 0.015 என்று போட்டால் 1.85 கன மீற்றர் போகும். போதும் என்று தோன்றும். மணலும் புல்லும் பொலித்தீனும் சேர்ந்த பின் அந்த எண் 0.030 ஆகலாம். ஓட்டம் சரிபாதி, 0.92. ஆகவே பருவத்துக்கு முன் வாருவதும் வடிவமைப்பின் ஒரு பாகம்தான். மூடிப்பலகை ஒவ்வொன்றையும் இரண்டு பேர் தூக்கக்கூடிய எடைக்குள் வைக்கவேண்டும். தூக்க முடியாத மூடிக்குக் கீழே யாரும் வாரமாட்டார்கள்.

2025 ஓகஸ்ட் 19, செவ்வாய்

இந்தத் திட்டத்தின் மையமே இதுதான்.

வெளிநாட்டுக் குழுக்கள் ஓட்டிய கணினி மாதிரியில் வடிகான் வெளிவாயின் நீர்மட்டம் கடல் மட்டமாக, பூச்சியமாக இருந்தது. வெள்ளமே வரவில்லை. அவர்கள் கணக்கில் பிழையில்லை, எல்லை நிபந்தனைதான், அதாவது வெளிவாய்க்குக் கொடுத்த நீர்மட்டம்தான், பிழை. நம் வடிகான் கடலில் விழவில்லை, வாவியில் விழுகிறது. கிழக்குக் கரையில் கடல் ஏற்றவற்றம் அரை மீற்றர் அளவுதான். வாவியோ முகத்துவாரம் மணலால் அடைபட்டிருக்கும்போது தன் போக்கில் ஏறும்.

வரைந்த வடிகானின் அடி வெளிவாயில் கடல் மட்டத்துக்கு 0.50 மீற்றர் கீழே, மேல்முனையில் 0.20 மீற்றர் கீழே. மேல்முனையில் வீதி மட்டம் கடல் மட்டத்துக்கு 1.00 மீற்றர் மேலே. வாவி 0.60இல் நின்றால் முழு 1.85 கன மீற்றரும் போகும். வாவி 0.90க்கு ஏறினால், மேல்முனையில் நீர் வீதியைத் தொடும்போதும் ஏறக்குறைய 1.3தான் போகும். 1.00இல் ஒன்றும் போகாது. வடிகானை இரு மடங்கு அகலமாக்கினாலும் அந்தப் பூச்சியம் பூச்சியமே. பல வீதிகளில் புது வடிகான் கட்டிய பின்னும் தண்ணீர் நிற்பதற்குக் காரணம் இதுவாகவே இருக்கும். முதலில் கேட்கவேண்டியது வாவி அன்று எந்த மட்டத்தில் நின்றது என்பதுதான்.

வாவி மட்டத்தை ஆளுவது இரண்டு. ஒன்று மேலிருந்து வருவது: முந்தனை ஆறு, உன்னிச்சை, உறுகாமம், நவகிரி பக்கத்து நீர், குளங்கள் வான் பாயும் நேரம். மற்றது பாலமீன்மடு முகத்துவாரம் திறப்பது. தெற்கே கல்லாற்றுப் பக்கத்து வாயும் உண்டு.

முகத்துவாரம் வெட்டுவதில் நேரம்தான் எல்லாம். வாவிக்கும் கடலுக்கும் உள்ள மட்ட வித்தியாசமே மணலை அரித்து வாயை அகலமாக்குகிறது. அரை மீற்றர் வித்தியாசத்தில் நீர் கிட்டத்தட்ட செக்கனுக்கு 3 மீற்றர் வேகம் எடுக்கும். 10 சென்ரிமீற்றரில் 1.4தான். வித்தியாசம் குறைவாக இருக்கையில் வெட்டினால் அலை மணலைக் கொண்டுவந்து மறுபடி அடைத்துவிடும், உப்புநீரும் உள்ளே வரும். பிந்தினால் வாவியின் மேற்கே படுவான்கரை வயல்கள் மூழ்கும். கடல் வற்றத் தொடங்கும் நேரத்தில் வெட்டினால் முழு வற்றமும் அரிப்புக்கு உதவும். விவசாயி ஒரு நாளைச் சொல்வார், மீனவர் வேறொரு நாளைச் சொல்வார். இருவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. அதனால் நகர வடிகானின் அபாய மட்டத்தையும் ஒரு எண்ணாக அந்தக் கூட்டத்தின் மேசையில் வைக்கவேண்டும். இதுவரை நகரம் பேசாமல் இருந்த இடம் அது என்றே நினைக்கிறோம்.

2025 ஓகஸ்ட் 21, வியாழன்

வெளிவாயில் மடிப்புக் கதவு. மேலே கீல்; உள்நீர் தள்ளினால் திறக்கும், வாவி நீர் தள்ளினால் மூடும். கெடுவது இரண்டு வழியில்: ஆற்றுவாழையோ தடியோ இடையில் சிக்கி மூடாமல் நிற்பது, உப்பால் கீல் இறுகித் திறக்காமல் போவது. கதவுக்கு முன் சாய்ந்த கம்பி வலை, இடைவெளி 75 முதல் 100 மி.மீ. அதைவிட நெருக்கினால் வலையே அணையாகிவிடும். மழை நேரத்திலும் ஒருவர் நின்று வாரக்கூடிய மேடை வேண்டும். கடல் மட்டத்துக்குக் கீழே அடி இருப்பதால் வெயில் காலத்திலும் நீர் தேங்கும், நுளம்பு வரும். சுகாதாரப் பரிசோதகர் படத்தைப் பார்த்த பிறகே இறுதி வரைபடம்.

2025 செப்ரெம்பர் 9, செவ்வாய்

கதவு மூடியிருக்கும்போது உள்ளே பெய்யும் மழை எங்கே போகும்? 50 மி.மீ. பெய்து அதில் 0.6 பங்கு வழிந்தோடினால் 12 ஹெக்டேயரில் 3,600 கன மீற்றர்.

நெதர்லாந்துக் குழு றொட்டர்டாமின் பெந்தெம்பிளைன் நீர்ச்சதுக்கத்தை எடுத்துவந்தது. 2013இல் திறந்தது, ஏறக்குறைய 1,700 கன மீற்றர் பிடிக்கும், வெயிலில் விளையாட்டிடம். ஜப்பான் குழு கசுகாபேயின் நிலத்தடிக் கால்வாயைக் காட்டியது: 6.3 கிலோமீற்றர் நீளம், செக்கனுக்கு 200 கன மீற்றர் இறைக்கும் திறன். அந்தப் பணமும் ஆழமும் நமக்கு ஆகாது. சதுக்கம் ஆகலாம். ஆனால் அப்படியே தூக்கிவைக்க முடியாது: மார்கழியில் நம் மணலில் நிலத்தடி நீர் கைக்கெட்டும் ஆழத்தில். வெறுமையான கொங்கிறீற்றுத் தொட்டியை அது கீழிருந்து தூக்கும். 40 சென்ரிமீற்றர் நீர் உயர்வுக்கு ஈடுகொடுக்க மட்டும் 17 சென்ரிமீற்றர் தடித்த தளம் வேண்டும், பாதுகாப்பு மிகையைச் சேர்க்காமலே. புல்தரையாக விட்டால் அந்தச் சிக்கல் இல்லை. உறிஞ்சுகுழியும் இதே காரணத்தால் ஐப்பசி முதல் மழைக்கு உதவும், மார்கழிக்கு உதவாது.

இயல்பாகவே வீதியை விடத் தாழ்ந்த விளையாட்டுத் திடல் ஒன்று, 100க்கு 60 மீற்றர், 40 சென்ரிமீற்றர் நீர் ஏற்றால் 2,400 கன மீற்றர். மீதி 1,200ஐ 6 மணி நேரத்தில் இறைக்கச் செக்கனுக்கு 56 லீற்றர். நிமிடத்துக்கு 1,000 லீற்றர் இறைக்கும் 3 அங்குல வயல் பம்பு நான்கு. திடல் இல்லாவிட்டால் அதே பம்பு பத்து வேண்டும்.

ஒரு ஏக்கர் சதுப்பைக் கிரவல் கொட்டி அரை மீற்றர் உயர்த்தினால் போவது 2,000 கன மீற்றர் இடம். திடலில் பாடுபட்டுச் சேர்த்ததில் பெரும்பங்கை ஒரே ஏக்கர் நிரவல் விழுங்கிவிடுகிறது. வாவி ஓரத்துத் தாழ்நிலங்களை வடிகால் உறுப்பாகவே வரைபடத்தில் குறிக்கவேண்டும், ‘வெற்று நிலம்’ என்று அல்ல. நைமேகன் நகரில் வால் ஆற்றின் கரையணையை 350 மீற்றர் உள்ளே தள்ளி ஆற்றுக்கு இடம் விட்டார்கள். குடும்பங்கள் இடம்பெயர்ந்தன, பெருஞ்செலவானது. நாம் இன்னும் நிரப்பாத நிலத்தை நிரப்பாமல் விட்டாலே அந்த வேலையில் பாதி ஆகும்.

2025 செப்ரெம்பர் 23, செவ்வாய்

நகரத்தை விட்டு அம்பாறைப் பக்கம். காரைதீவு – மாவடிப்பள்ளி வீதி. 2024 நவம்பர் 26இல் மதரஸா மாணவர்கள் ஏறிய உழவு இயந்திரம் வெள்ளத்தில் அடித்துச்செல்லப்பட்ட இடம். பிள்ளைகள் இறந்த வீதி இது என்பது இந்தப் பக்கத்தின் ஒவ்வொரு கணக்கிலும் நினைவில் இருக்கவேண்டும்.

வெள்ளச் சமவெளியைக் குறுக்கே வெட்டும் வீதி ஓர் அணை. திறப்புப் போதாவிட்டால் மேற்பக்கம் வயல் மூழ்கும், பிறகு நீர் வீதிக்கு மேலால் பாயும். இரு பக்கத்துக்கும் 30 சென்ரிமீற்றர் வித்தியாசம் இருக்கையில் 600 மி.மீ. குழாய் மதகு 0.4 கன மீற்றர் கடத்தும், 1.5க்கு 1.2 மீற்றர் பெட்டி மதகு 2.6. ஆறு குழாய்க்கு ஒரு பெட்டி. குழாய்கள் வைக்கோலால் அடைபடுவதும் சுலபம்.

எல்லா நீரையும் அடியால் விட முடியாது. தாம்போதி தேவை, ஆனால் எங்கே பாயும் என்பதை நாம் தீர்மானிக்கவேண்டும்: தாழ்த்திய கொங்கிறீற்றுப் பகுதி, கீழ்ப்பக்கம் ஆழ இறங்கும் வெட்டுச்சுவர், அதன் முன் கற்பரப்பு. கீழ்ப்பக்க ஓரம்தான் முதலில் அரிக்கும். மேலே தார் முழுசாக இருக்கும், அடியில் மண் இருக்காது. கலங்கிய நீரில் அது தெரியாது. இரு ஓரமும் 2 மீற்றருக்கு ஒரு வெள்ளைக் கம்பம், ஆழக் குறியுடன், இருபுறமும் பூட்டும் தடுப்பு.

நிற்க முடியுமா என்பதற்கு அவுஸ்திரேலிய வழிகாட்டியின் அளவை வைத்தோம்: மீற்றரில் ஆழத்தைச் செக்கனுக்கு மீற்றரில் வேகத்தால் பெருக்கினால் வரம்பு சிறுவருக்கு 0.4, பெரியவர்களுக்கு 0.6. அரை மீற்றர் ஆழம், செக்கனுக்கு 1 மீற்றர் வேகம் என்றாலே சிறுவர் அளவு தாண்டிவிட்டது. உழவு இயந்திரம் உயரமானது என்ற நம்பிக்கை இங்கே செல்லாது. இழுவைப்பெட்டிக்கு அடியில் நீர் தள்ளும்போது எடையும் குறைகிறது, பிடிப்பும் குறைகிறது.

2025 ஒக்டோபர் 14, செவ்வாய்

மழைக்கு முன் கடைசிக் கூட்டம். இனி மாதிரியைத் திருத்தத் தேவை அளவீடு மட்டுமே. வெளிவாய்க்கு அருகே பாலத் தூணில் மட்டக்கோல், பூச்சியம் கடல் மட்டத்தோடு கட்டியது, திடலில் இன்னொன்று, கூரையில்லா இடத்தில் 0.2 மி.மீ.க்கு ஒரு முறை கவிழும் மழைமானி. சாதாரண நாளில் காலை 6, மாலை 6. மணிக்கு 20 மி.மீ. தாண்டினால் ஒவ்வொரு மணிக்கும், பகல் வெளிச்சத்தில் மட்டும், கரையிலிருந்து. வாசிப்புடன் ஒரு புகைப்படம், அதில் கோலும் நீர்க்கோடும் தெரியவேண்டும்.

அனுப்பும் வரிசை: இடம், திகதி, நேரம், மட்டம், காற்றின் திசை, கதவு திறந்ததா மூடியதா, முகத்துவாரம் திறந்ததா அடைபட்டதா. கடைசி இரண்டும் இல்லாத வாசிப்பை ஜப்பான் குழு கணக்கில் சேர்க்காது. அந்த விதியை நாமே கேட்டு எழுதுவித்தோம்.