நாளைக்கு என்ன செய்ய?

“அப்போ நாளைக்கு என்ன மேம் செய்ய?” என்று என் மாணவன் ஒருவன் போனில் கேட்டான். நான் சிரித்துவிட்டு, “நல்லா தூங்குல” என்றேன்.

அவ்வளவுதான் பேச்சு. 2020 ஆகஸ்ட் 26 சாயங்காலம். தேர்வுக் கட்டணம் கட்டியவர்களுக்கெல்லாம் பரீட்சை எழுதாமலே அரியர் பாஸ் என்று முதல்வர் அறிவித்த அன்று. என் பொறுப்பிலிருந்த பிள்ளைகளை ஒவ்வொருத்தராகக் கூப்பிட்டுச் சொல்லிக்கொண்டிருந்தேன். மற்றவர்கள் கூப்பாடு போட்டார்கள். இவன் மட்டும், “படிச்சிட்டேன்லா மேம். இந்தத் தடவ எழுதிருப்பேன்” என்றான். பின்னால் கத்தரிச் சத்தம் விடாமல் கேட்டது. அவன் அம்மா பீடி இலை வெட்டிக்கொண்டிருந்திருப்பார்.

அவனைப் பயமுறுத்திய கணக்குப் பேப்பர் சீக்வென்சஸ் அண்ட் சீரிஸ். ஊரடங்கில் தினம் ஒரு தேற்றம் எழுதி வாட்ஸ்அப்பில் படம் அனுப்பச் சொன்னது நான்தான். வீட்டுக்குள் சிக்னல் கிடையாது, குளத்தங்கரைக்கு வந்து அனுப்புவான். ராத்திரி ஒன்பது மணி வாக்கில் வரும். நான் ஒரு கட்டைவிரல் போடுவேன்.

27-ஆம் தேதி படம் வரவில்லை. மறுநாளும் இல்லை. எனக்கு உறைக்கவே இல்லை. பாஸானவன் எதற்குப் படிக்கப் போகிறான்?

செப்டம்பர் நடுவில் கூடப் படிக்கிற பையன் சொன்னான்: “அவன் யார்கிட்டயும் பேச மாட்டேங்கான் மேம். சோறும் ஒழுங்கா திங்க மாட்டேங்கான்.” தாராவியில் இட்லி விற்றுக்கொண்டிருந்த அப்பா மே மாதமே எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்ததும், கங்கைகொண்டான் செக்போஸ்ட்டில் நிறுத்தி டெஸ்ட் எடுத்ததும், அதற்குப் பிறகு வீட்டில் தினம் சண்டை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. கல்லூரியில் நிரப்பச் சொன்ன மனநலப் படிவத்தில் ‘நன்று’ என்று டிக் அடித்திருந்தான். நானும் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டிருந்தேன்.

நான் கணக்கு டீச்சர், டாக்டர் இல்லை. போன் போட்டேன், எடுக்கவில்லை. 104 உதவி எண்ணுக்குப் பேசலாம் என்று குரூப்பில் போட்டேன். நேரில் போயிருக்கலாம்தான். அவன் ஊர் ஆலங்குளம் பக்கம். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமாகிவிட்டதால், எங்கள் நெல்லைச் சீமைக்குள்ளேயே போக இ-பாஸ் வேண்டும் என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த இ-பாஸைச் செப்டம்பர் 1-ஆம் தேதியே ரத்து செய்துவிட்டார்கள். அது தெரியாதவள் இல்லை நான். மாமியாருக்குச் சுகர், பயமும் இருந்தது. பயம் பொய்யில்லை.

டிசம்பர் 7, இறுதியாண்டுக்குக் கல்லூரி திறந்தபோது தாடியோடு வந்தான். “நல்லாருக்கேன் மேம்” என்றான். சரி என்று விட்டுவிட்டேன். டிகிரி முடித்தான். இப்போது கோயம்புத்தூரில் வேலை, பொங்கலுக்கு வாழ்த்து வருகிறது. அப்படியென்றால் எனக்கு என்ன குடைச்சல்?

அந்த அறிவிப்பு தப்பென்று சொல்ல வரவில்லை. ஏழு அரியரோடு படிப்பையே விடப் போன பிள்ளை ஒருத்தி அதனால்தான் திரும்பி வந்தாள். இவனிடமிருந்து போனது பரீட்சையா, ஒன்பது மணியா என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை. ‘அடுத்த தேற்றத்தை அனுப்புல’ என்று சொல்லியிருந்தால் போதுமா? அவன் அப்பா கையில் காசில்லாமல் இருந்த வீட்டில் ஒரு தேற்றம் என்ன செய்துவிடும்? நான் என்னைப் பெரிய ஆளாக நினைத்துக்கொள்கிறேனோ என்றும் தோன்றுகிறது.

போன மாதம் பழைய போனை மகளுக்குக் கொடுப்பதற்காகப் படங்களை அழித்துக்கொண்டிருந்தேன். அவனுடைய கடைசிப் படம் வந்தது. ஆகஸ்ட் 25. கோடு போட்ட நோட்டு, ஓரத்தில் புகையிலைத் தூள் ஒட்டிய விரல். போல்சானோ - வயர்ஸ்ட்ராஸ் தேற்றம். தொடர்முறை எல்லைக்குட்பட்டது என்று முதல் வரியில் எழுதிவிட்டு, அதை அவன் எங்கேயுமே பயன்படுத்தவில்லை. நிரூபணமே நிற்காது. அதற்கும் கட்டைவிரல் போட்டிருந்தேன்.